ஐந்து டாலர் கொடுத்த கை: ஹென்றி ஃபோர்டின் ஆலையும் ஆட்டிவைக்கும் தலைமையும்

வேலை செய்யும் இடத்தில் ஆட்களை நூல் கட்டி ஆட்டும் தலைவர்களைப் பற்றி நிறையப் புத்தகங்கள் வந்துவிட்டன. பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: "இந்த ஆள் எப்படிப்பட்டவர்?" 2002-இல் டெல்ராய் பால்ஹஸ், கெவின் வில்லியம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் தற்காதல், சூழ்ச்சி, ஈவிரக்கமின்மை ஆகிய மூன்றையும் சேர்த்து 'இருண்ட மும்மை' என்று பெயரும் வைத்தார்கள். அதிலிருந்து இணையம் முழுக்கப் பட்டியல்கள்தான். உங்கள் மேலாளருக்கு இந்தப் பத்து அறிகுறிகள் இருக்கா, டிக் அடிச்சுப் பாருங்க என்று.

எனக்கு வேறொரு கேள்வி முக்கியமாகப் படுகிறது. ஆட்டுகிறவர் எப்படிப்பட்டவர் என்பது இருக்கட்டும். மற்றவர்கள் ஏன் ஆடுகிறார்கள்? வேறு வழியில்லாத ஏழைத் தொழிலாளி ஆடுவது புரிகிறது. படிப்பும் பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் ஏன் ஆடுகிறார்கள்? அந்த நூல் எங்கே கட்டப்பட்டிருக்கிறது?

இதைப் பார்க்க வசதியான ஒரு பழைய கதை இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்களில் பலர் நினைவுக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள், அரசு விசாரணை நடந்திருக்கிறது, புகைப்படம்கூட இருக்கிறது. 1914 முதல் 1945 வரை ஹென்றி ஃபோர்டின் கார் நிறுவனத்துக்குள் நடந்த கதை அது. சென்னைக்காரர்களுக்கு ஃபோர்டு என்றதும் மறைமலைநகர் ஆலை நினைவுக்கு வரலாம். இது அதற்கு அரை நூற்றாண்டு முந்தியது, அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கத்தில் நடந்தது.

பரிசாக வந்த சம்பளம்

1913-இல் ஃபோர்டு நிறுவனத்துக்கு ஒரு பெரிய தலைவலி. நகரும் தொடர் வரிசையில் கார் பூட்டும் முறை வந்ததும் உற்பத்தி எகிறியது. ஆனால் ஒரே திருகை நாள் முழுக்க முடுக்கிக்கொண்டிருக்கும் வேலையில் ஆட்கள் நிற்கவில்லை. சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க அந்த ஒரு வருஷத்தில் 50,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள்.

1914 ஜனவரி 5 அன்று நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இனி நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து டாலர் வருமானம். அதுவரை ஒன்பது மணி நேரத்துக்குச் சுமார் 2 டாலர் 34 சென்ட்தான் கூலி. ஒரே அடியில் இரண்டு மடங்குக்கு மேல். மறுநாள் காலை பனியில் ஆலை வாசலில் சுமார் 10,000 பேர் குவிந்துவிட்டார்கள். சில நாளில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போக, தண்ணீர்க் குழாயைத் திருப்பி அடித்துக் கலைத்தார்கள். ஜனவரி மாதம், டெட்ராய்ட் குளிர்.

ஐந்து டாலரும் கூலி அல்ல. இங்கேதான் விஷயம் இருக்கு. கூலி பழைய 2.34-தான். மீதி 2.66 'லாபப் பங்கு'. அதைப் பெறத் தகுதி வேண்டும். தகுதியைத் தீர்மானிக்க 'சமூகவியல் துறை' என்று ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. அதன் ஆய்வாளர்கள் தொழிலாளியின் வீட்டுக்கே போனார்கள். திருமணம் ஆனதா, சேமிப்புப் புத்தகத்தில் எவ்வளவு, கடன் உண்டா, குடிப்பாரா, வீடு சுத்தமா, வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறாரா என்று குறித்துக்கொண்டார்கள். தேறாதவருக்கு லாபப் பங்கு நிறுத்தப்படும். திருந்தக் கெடு உண்டு. ஆறு மாதத்தில் திருந்தாவிட்டால் வேலையே போகும்.

இதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. பல ஆயிரம் குடும்பங்கள் அந்த ஐந்து டாலரில்தான் முதல்முறையாகச் சொந்த வீட்டைக் கண்டன. கறுப்பினத் தொழிலாளர்களை டெட்ராய்டின் வேறு எந்தக் கார் ஆலையைவிடவும் ஃபோர்டு அதிகமாக எடுத்தது. உடல் ஊனமுற்றவர்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு வைத்தது. சமூகவியல் துறைக்குத் தலைமை ஏற்க 1915-இல் சாமுவேல் மார்க்விஸ் என்ற பாதிரியாரே தேவாலயப் பொறுப்பை விட்டுவிட்டு வந்தார். மனப்பூர்வமாக நம்பித்தான் வந்தார்.

அந்த நன்மை உண்மையானது என்பதால்தான் நூல் அவ்வளவு பலமாக இருந்தது. கூலி என்றால் உழைத்ததற்கான கடன், கேட்டு வாங்கலாம். பரிசு என்றால் கேட்க முடியாது, நன்றி சொல்லத்தான் முடியும். அது கொடுப்பவரின் மனசைப் பொறுத்தது, நாளைக்கு நிற்கவும் செய்யலாம். பாதிச் சம்பளத்துக்கு மேல் பரிசாக மாறிய அந்த நாளிலிருந்து ஃபோர்டு தொழிலாளி முதலாளியின் முகத்தைப் பார்த்து வாழ வேண்டியவர் ஆனார்.

கறுப்பினத் தொழிலாளர்கள் விஷயத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. தேவாலயப் போதகர்களின் சிபாரிசுக் கடிதம் கொண்டுவருபவர்களுக்கு வேலை என்று ஒரு வழக்கம் இருந்தது. கடிதம் கொடுக்கும் போதகர் ஃபோர்டுக்குக் கடன்பட்டவர், வேலை பெற்றவர் போதகருக்கும் ஃபோர்டுக்கும் கடன்பட்டவர். கால் நூற்றாண்டு கழித்து வேலைநிறுத்தம் வந்தபோது இந்தக் கடனை நிறுவனம் எப்படி வசூலித்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மார்க்விஸ் 1921-இல் விலகினார். அதற்குள் காலம் மாறியிருந்தது. விலைவாசி ஏறியதில் ஐந்து டாலரின் மதிப்பு கரைந்துவிட்டது, விற்பனை மந்தம், கெடுபிடி மேலாளர்களின் கை ஓங்கிவிட்டது. 1923-இல் அவர் ஃபோர்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். படித்தால் அதில் கோபத்தைவிடக் குழப்பமும் வருத்தமும்தான் அதிகம். நேசித்த ஒருவரிடம் ஏமாந்தவரின் குரல் அது.

பதவிப் பெயர் இல்லாத நிறுவனம்

தொழிலாளர்கள் கதை இப்படி. மேல்மாடியில் இருந்தவர்கள் கதை வேறு மாதிரி.

1922-இல் வெளிவந்த தன் சுயசரிதையில் ஃபோர்டு ஒரு விஷயத்தைப் பெருமையாகச் சொல்கிறார். தன் நிறுவனத்தில் பதவிப் பெயர்கள் கிட்டத்தட்டக் கிடையாது, இன்னாருக்கு இன்ன வேலை என்ற கோடு கிடையாது, யாருக்குப் பிறகு யார் என்ற வரிசையும் கிடையாது என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இன்றைய புதிய நிறுவனங்கள் சில இதே பேச்சைப் பேசுகின்றன. 'எங்க ஆபீஸ்ல மேலே கீழே எல்லாம் கிடையாது, எல்லாரும் ஒரே குடும்பம்.'

நடைமுறையில் என்ன ஆச்சு? இது யாருடைய அதிகாரம் என்று எழுதி வைக்காவிட்டால், ஒவ்வொரு நாளும் அதை முதலாளியே சொல்ல வேண்டியிருக்கும். இன்று ஒருவரிடம் சொன்ன வேலையை நாளை இன்னொருவரிடமும் சொல்லலாம். இருவரும் மோதிக்கொள்ளும்போது தள்ளி நின்று பார்க்கலாம். வில்லியம் நட்சன் என்ற திறமையான உற்பத்தி மேலாளர் போட்ட உத்தரவுகளை ஃபோர்டு அவருக்குத் தெரியாமலே மாற்றிக்கொண்டிருந்தார். நட்சன் 1921-இல் விலகி அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போனார், செவ்ரோலே கார்களுக்குப் பொறுப்பேற்றார். 1927-இல் செவ்ரோலே விற்பனையில் ஃபோர்டை முந்தியது.

ஆளை நீக்கும் விதமும் அப்படித்தான். ஃபோர்டு நேருக்கு நேர் யாரையும் 'போ' என்று சொல்ல விரும்பமாட்டார். ஒரு நாள் காலை வந்து பார்த்தால் உங்கள் மேஜை அங்கே இருக்காது. கோடரியால் பிளந்து போட்டிருந்ததாகவும் ஃபோர்டு வரலாறுகளில் எழுதியிருக்கிறார்கள். 1926-இல் எர்னஸ்ட் கான்ஸ்லர் என்ற உயர் அதிகாரி, மாடல் டி காரின் காலம் முடிந்துவருகிறது, மாற்ற வேண்டும் என்று பணிவாக ஒரு நீண்ட குறிப்பு எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னது முழுக்கச் சரி என்று அடுத்த ஆண்டே நிரூபணமானது. ஆனால் அதற்குள் அவர் வேலையில் இல்லை.

ரிச்சர்ட் கிறிஸ்டி, ஃப்ளாரன்ஸ் கைஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாக்கியவெல்லித்தனம் பற்றிச் செய்த சோதனைகள் 1970-இல் புத்தகமாக வந்தன. அதில் ஒன்று பத்து டாலர் ஆட்டம். மூன்று பேர் முன்னால் பத்து டாலரை வைத்துவிட்டு, உங்களில் எந்த இரண்டு பேர் சேர்ந்து ஒப்பந்தம் போட்டாலும் பணம் அந்த இரண்டு பேருக்கு, மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். சூழ்ச்சிக் குணத்தில் அதிக மதிப்பெண் வாங்கியவர்களே பணத்தில் பெரும்பங்கைச் சுருட்டினார்கள். இதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தின் முக்கியமான முடிவு வேறு. சூழ்ச்சிக்காரர்கள் எல்லா இடத்திலும் ஜெயிப்பதில்லை. நேருக்கு நேர் பேசும் வாய்ப்பும், விதிகள் தளர்ந்திருப்பதும், மற்றவர்கள் உணர்ச்சிவசப்பட்டிருப்பதும் சேரும்போதுதான் அவர்கள் கை ஓங்குகிறது. விதி இறுக்கமாக இருக்கும் இடத்தில் அவர்களும் நம்மைப் போல்தான்.

ஃபோர்டு பெருமையோடு கலைத்துப் போட்டது அந்த விதிகளைத்தான்.

அடித்தள அறையில் உட்கார்ந்திருந்தவர்

இந்தக் கதையில் வில்லன் என்று எல்லோரும் சுட்டிக்காட்டுவது ஹாரி பென்னெட்டை. முன்னாள் கடற்படை வீரர், குத்துச்சண்டைக்காரர், குட்டையான உறுதியான ஆள். முதல் உலகப்போர் காலத்தில் ஃபோர்டிடம் வந்து சேர்ந்தார். கார் பற்றி அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஃபோர்டு தன்னிடம் கேட்டது துப்பாக்கி சுடத் தெரியுமா என்றுதான் என்று பிற்பாடு அவரே சொன்னார்.

ரூஜ் நதிக்கரையில் ஃபோர்டு கட்டிய பிரம்மாண்ட ஆலையில் உச்சகட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். அதன் 'சேவைத் துறை'க்குப் பென்னெட் தலைவர். பெயர்தான் சேவை. உள்ளே இருந்தவர்கள் முன்னாள் குத்துச்சண்டைக்காரர்கள், முன்னாள் போலீஸ்காரர்கள், பரோலில் வந்த கைதிகள். அதோடு ஆலை முழுக்க ஒற்றர்கள். பக்கத்தில் நிற்பவன் யாருடைய ஆள் என்று யாருக்கும் தெரியாது. வேலை நேரத்தில் பேச்சுக்கு இடமில்லை. அதனால் உதடு அசையாமல் பேசும் ஒரு வித்தையைத் தொழிலாளர்கள் கற்றுக்கொண்டார்கள். அதற்கு 'ஃபோர்டு கிசுகிசு' என்றே பெயர். 1940-இல் ஒரு தொழிலாளி வேலையில் சிரித்ததற்காக நீக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

1932 மார்ச் 7 அன்று, பெருமந்தத்தில் வேலை இழந்த சில ஆயிரம் பேர் வேலையும் நிவாரணமும் கேட்டு ரூஜ் ஆலையை நோக்கி ஊர்வலம் போனார்கள். டியர்பார்ன் போலீஸும் ஃபோர்டு காவலர்களும் சுட்டார்கள். நான்கு பேர் செத்தார்கள், ஐந்தாமவர் சில மாதம் கழித்து. 1937 மே 26 அன்று, தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரம் கொடுக்க வந்த வால்டர் ரூத்தர், ரிச்சர்ட் ஃபிராங்கன்ஸ்டீன் முதலானவர்களை ஆலை வாசல் நடைமேம்பாலத்தில் பென்னெட்டின் ஆட்கள் புரட்டி எடுத்தார்கள். பத்திரிகைக்காரர்களின் கேமராக்களையும் பிடுங்கினார்கள். டெட்ராய்ட் நியூஸ் புகைப்படக்காரர் ஒருவர் எடுத்த தகடுகளைக் கார் இருக்கைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, வெற்றுத் தகடுகளைக் கொடுத்து அனுப்பினார். மறுநாள் அந்தப் படங்களை நாடே பார்த்தது.

இத்தனைக்கும் நடுவில் ஹென்றி ஃபோர்டு எங்கே? கிராமத்து நடனங்களுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார், பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து அருங்காட்சியக கிராமம் அமைத்துக்கொண்டிருந்தார், பத்திரிகைகளுக்கு வாழ்க்கைத் தத்துவம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையில் ரத்தம் இல்லை. ஆனால் தலைமை அலுவலகக் கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்த பென்னெட்டின் அறைக்கு அவர் வழக்கமாக வந்து போவார். அங்கே இருவரும் இலக்கு வைத்துத் துப்பாக்கி சுட்டுப் பழகுவதும் உண்டு.

எய்தவனிருக்க அம்பை நோவது என்று நம் ஊரில் சொல்வோமே, இங்கே எல்லோரும் அம்பை மட்டும்தான் நொந்தார்கள். தொழிலாளர் வீடுகளில் பென்னெட்டைச் சபித்தார்கள், ஃபோர்டின் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். 'பெரியவருக்கு இதெல்லாம் தெரியாது, தெரிஞ்சா விடமாட்டார்.' இந்த வாக்கியத்தை அலுவலகங்களில் கேட்டிருப்பீர்கள். ஆட்டிவைக்கும் தலைமைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. கொடுப்பது ஒரு கை, அடிப்பது இன்னொரு கை, இரண்டும் ஒரே உடம்பில் இருப்பது கண்ணுக்குத் தெரியக் கூடாது.

மகன்

எனக்கு இந்த வரலாற்றிலேயே படிக்கக் கஷ்டமாக இருக்கும் பகுதி எட்ஸல் ஃபோர்டு.

ஹென்றியின் ஒரே பிள்ளை. மென்மையானவர், ரசனை உள்ளவர். லிங்கன் கான்டினென்டல் போன்ற அழகான கார்களுக்குப் பின்னால் இருந்தது அவருடைய கண். 25 வயதில் நிறுவனத் தலைவர் ஆனார். 1919-இல் ஹென்றி மற்ற பங்குதாரர்களை எல்லாம் விலைக்கு வாங்கி வெளியேற்றியபின் எட்ஸலின் பங்கு 40 சதவிகிதத்துக்கு மேல். பெயரும் பதவியும் பங்கும் எல்லாம் இருந்தது. முடிவெடுக்கும் உரிமை மட்டும் இல்லை.

அடிக்கடி சொல்லப்படும் ஒரு சம்பவம். ரூஜ் ஆலைக்குப் புதிய கோக் உலைகள் தேவை என்று எட்ஸல் முடிவு செய்தார். ஹென்றி தடுக்கவில்லை. கட்டட்டும் என்று விட்டார். கட்டி முடித்ததும் இடிக்கச் சொன்னார். முன்கூட்டியே வேண்டாம் என்றால் அது கருத்து வேறுபாடு. கட்டவிட்டு இடித்தால், அத்தனை பேர் முன்னிலையில், உன் முடிவுக்கு இங்கே மதிப்பே இல்லை என்று மகனுக்குக் காட்டுவது.

தொழிற்சங்கத்தோடு பேசலாம் என்பது எட்ஸலின் கட்சி. ஹென்றியோ அந்தப் பொறுப்பைப் பென்னெட்டிடம் கொடுத்து, நீ தலையிடாதே என்றார். மகனைக் கடினமானவனாக ஆக்குவதற்காகச் செய்கிறேன் என்பது அவருடைய விளக்கம். பென்னெட்டை மகனைப் போல் நடத்தினார், மகனைச் சந்தேகத்துக்குரிய ஊழியரைப் போல் நடத்தினார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எதிரி, இரண்டு பேருக்கும் பெரியவரின் தயவு வேண்டும். அந்தப் பத்து டாலர் ஆட்டம்தான். மூன்றாவது நாற்காலியில் யார் என்பதுதான் வித்தியாசம்.

ஃபோர்டின் உற்பத்தித் தலைவர் சார்லஸ் சோரன்ஸன் தன் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார்: 1943 ஏப்ரலில் ஹென்றி தொலைபேசியில் அழைத்து, எட்ஸல் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டிய விஷயங்களை ஒரு பட்டியலாகச் சொன்னார். பென்னெட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்பது அதில் ஒன்று. சோரன்ஸன் அதை எழுதிக்கொண்டுபோய் எட்ஸலிடம் சொன்னார். அப்பா பேசவில்லை, ஊழியர் மூலம் சொல்லி அனுப்பினார். எட்ஸல் உடைந்துபோனார். அப்போது அவருக்கு வயிற்றுப் புற்றுநோய். சுமார் ஆறு வாரத்தில், மே 26 அன்று இறந்துபோனார். வயது 49. மேம்பாலத்தில் அடி விழுந்த அதே தேதி, ஆறு வருஷம் கழித்து.

முதலில் கேட்ட கேள்விக்கு இங்கேதான் திரும்ப வேண்டும். எட்ஸல் ஏன் ஆடினார்? அவர் ஏழை இல்லை. நிறுவனத்தின் ஐந்தில் இரண்டு பங்கு அவர் பேரில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னென்னவோ செய்திருக்கலாம். ஆனால் அவர் அந்தப் பங்கைத் தன் சொத்தாகப் பார்த்ததாகவே தெரியவில்லை, அப்பா கொடுத்ததாகத்தான் பார்த்தார் என்று எனக்குப் படுகிறது. ஐந்து டாலர் தொழிலாளிக்கும் கோடீஸ்வர மகனுக்கும் ஒரே நூல்தான். கையில் உள்ளது எல்லாம் அவர் கொடுத்தது என்று நம்புகிற வரை ஆட வேண்டியதுதான்.

நூல் அறுந்த இடங்கள்

இந்த ஆட்டம் முடிந்த விதத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஃபோர்டின் மனசு மாறியதால் எதுவும் மாறவில்லை. யாரும் அவருக்கு உளவியல் ஆலோசனை சொல்லித் திருத்தவும் இல்லை. அவர் கொடுக்காத ஒன்று யார் கையிலாவது இருந்த ஒவ்வொரு இடத்திலும் நூல் அறுந்தது.

மேம்பாலத்தில் அது புகைப்படத் தகடு. நாங்கள் யாரையும் அடிக்கவில்லை என்று நிறுவனம் சொன்னதைப் படம் பொய்யாக்கியது.

ஆலைக்குள் அது சட்டம். 1935-இல் வந்த தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், சங்கம் சேருவது தொழிலாளியின் உரிமை என்றது. 1941 ஏப்ரலில் ரூஜ் ஆலையில் பத்து நாள் வேலைநிறுத்தம். முன்பு சொன்ன நன்றிக்கடனை நிறுவனம் அப்போதுதான் வசூலிக்கப் பார்த்தது. நூற்றுக்கணக்கான கறுப்பினத் தொழிலாளர்களை ஆலைக்குள்ளேயே வைத்து வேலைநிறுத்தத்தை முறிக்க முயன்றது. கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கத் தலைவர் வால்டர் வைட் நேரில் வந்து, வெளியே வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். மே மாதம் வாக்கெடுப்பு. சுமார் 70 சதவிகிதம் பேர் ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கத்துக்கு வாக்களித்தார்கள். சங்கமே வேண்டாம் என்றவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. இத்தனை வருஷம் 'என் ஆட்கள்' என்று நம்பியிருந்த ஃபோர்டுக்கு அது பேரிடி என்கிறார் சோரன்ஸன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டேன், ஆலையை மூடினாலும் மூடுவேன் என்று ஃபோர்டு நின்றார். ஆனால் திடீரென்று, மற்ற நிறுவனங்கள் கொடுக்காத சலுகைகளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அதற்குக் காரணம் மனைவி கிளாரா, கையெழுத்துப் போடாவிட்டால் விட்டுப் போய்விடுவேன் என்று சொன்னதுதான் என்று ஃபோர்டே தன்னிடம் சொன்னதாகச் சோரன்ஸன் எழுதுகிறார். ஜூன் 20 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அன்றிலிருந்து சம்பளம் பரிசு இல்லை. குறை இருந்தால் சொல்ல முறை வந்தது, பணிமூப்புக்கு மதிப்பு வந்தது. காவலர்கள் அடையாளச் சின்னம் அணிய வேண்டும் என்பதும் முடிவானது. யார் ஒற்றன் என்று தெரியாத ஆலையில் அது சின்ன விஷயம் இல்லை.

மேல்மாடியில் நூலை அறுத்தது எட்ஸலின் மனைவி எலினார். எட்ஸல் இறந்ததும் 79 வயது ஹென்றி மறுபடியும் தலைவர் ஆனார். நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டது, நிர்வாகம் பென்னெட் கையில். ஹென்றி இறந்த பிறகு பத்து வருஷத்துக்கு ஒரு குழு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்று உயிலோடு இணைப்புப் பத்திரம் ஒன்றும் தயாராகியிருந்தது. கடற்படையிலிருந்து திரும்பி வந்த பேரன் இரண்டாம் ஹென்றிக்கு வழி விட மறுத்தார் பெரியவர். அப்போது எலினார் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். என் மகனைத் தலைவர் ஆக்காவிட்டால் என் பங்குகளை விற்றுவிடுவேன்.

அதே பங்குகள். எட்ஸல் பேரில் இருந்தபோது அப்பா கொடுத்தவை. எலினார் கைக்கு வந்தபோது அவருடையவை. காகிதத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

1945 செப்டம்பர் 21 அன்று இயக்குநர் குழு கூடி 28 வயது பேரனைத் தலைவர் ஆக்கியது. அன்றே பென்னெட் நீக்கப்பட்டார். அந்த இணைப்புப் பத்திரத்தை அவர் அதற்கு முன்பே எரித்துவிட்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் தன் காகிதங்களையும் எரித்துவிட்டுப் போனார். பேரன் உள்ளே போய்ப் பார்த்தபோது நிறுவனம் மாதம் கோடி டாலர் அளவில் நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் உண்மை தெரியக்கூடாது என்று நடத்திய நிறுவனத்தில் கடைசியில் கணக்கே யாருக்கும் தெரியாமல் போயிருந்தது.

பென்னெட்டை அனுப்பிவிட்ட செய்தியைத் தாத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று பேரனுக்குப் பயம். கால் நூற்றாண்டுக்கும் மேல் வலது கையாக இருந்தவர் ஆயிற்றே. சொன்னார். பெரியவர் கோபப்படவில்லை. ஹாரி ஆரம்பித்த இடத்துக்கே திரும்பிப் போய்விட்டான் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு விட்டுவிட்டாராம். பென்னெட்டும் 1951-இல் ஒரு நினைவுக் குறிப்பு வெளியிட்டார். ஃபோர்டுக்கு மிக நெருக்கமானவன் நான்தான் என்பதை அதிலும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக

தலைவரின் குணத்தை அளப்பதால் பயனே இல்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் ஹென்றி ஃபோர்டின் மனசுக்குள் என்ன இருந்தது என்று நூறு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் முடிவு வந்தபாடில்லை. அவரிடம் வேலை செய்தவர்களுக்கும் அந்த விடை தேவைப்படவில்லை. அவர்களைக் காப்பாற்றியது எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், ஒளித்து வைத்த தகடு, தன்னுடையது என்று உணர்ந்த பங்கு.

அதனால் மேலாளரின் அறிகுறிகளைப் பட்டியல் போடுவதற்கு முன்னால் இன்னொரு பட்டியல் போட்டுப் பார்க்கலாம். எனக்குக் கிடைப்பதில் எது கூலி, எது பரிசு? வேலைக்கான விதி எழுத்தில் இருக்கிறதா, இல்லை ஒவ்வொரு நாளும் அவர் வாயிலிருந்துதான் வருகிறதா? எனக்கும் பக்கத்து மேஜைக்காரருக்கும் ஏன் ஆகவில்லை, அதனால் லாபம் யாருக்கு? 'பெரியவருக்குத் தெரியாது' என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்? அவர் கொடுக்காத எது என் கையில் இருக்கிறது?

கடைசிக் கேள்விக்கு எட்ஸலிடம் விடை இருந்தது. அவருடைய பெட்டகத்திலேயே இருந்தது.